திக்காத காற்று

நாலு ஜிபி ராம்.
மூடி பிளந்த லேப்டாப்,
கீல் இருந்த இடத்தில் சைக்கிள் டியூப்.
இதை வைத்துத்தான் தூத்தூரில் ஒன்பது விசைப்படகுகளுக்கு
நான் காகிதம் பார்க்கிறேன்.
டீசல் மானியம், காப்பீடு, ஆள் பட்டியல்.
சாயங்காலமானால் காற்று வரைபடம்.

அரபிக்கடல் முழுக்க வெள்ளை இழைகள் ஓட வேண்டும் அதில்.
உபுண்டுவில் ஓடவில்லை.
இரண்டு அடி வைக்கும், நிற்கும்,
மனப்பாடம் மறந்த பிள்ளையாய் முழிக்கும்.
உள்ளே விசிறி மட்டும்
வள்ளத்து எஞ்சினாய் அலறும்.

படகுக்காரர் மரிய டெல்லஸ் குனிந்து பார்த்துவிட்டு,
"அங்க காத்தே இல்லியா பிள்ளே?" என்றார்.
காற்று இருக்கு மாமா, ராம்தான் இல்லை.

"எக்கா, இது கனம். மின்ட் போட்டுப் பாரு."
மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே கடை, ஷிபின்.
பென்டிரைவுக்கு முந்நூற்று ஐம்பது வாங்கினான்,
லினக்ஸுக்கு ஒன்றும் வாங்கவில்லை.

மின்ட்டில் ஜன்னல்கள் வழுக்கித் திறந்தன.
மூன்று வாரம் சந்தோஷம்.
பிறகு ஃபயர்பாக்ஸில் எட்டாவது டேபைத் திறந்தால்
மவுஸ் அம்பு நடுத்திரையில் நங்கூரம் போட்டது.
குரோமியம் வைத்தேன். அது
இருந்த ராமையெல்லாம் தின்றுவிட்டு
ஸ்வாப்பையும் நக்கியது.

அப்புறம் டெபியன்.
வைஃபைக்கு டிரைவர் இல்லை,
போனைக் கேபிளில் கட்டித்தான்
இணையத்தைக் கரைக்கு இழுத்தேன்.
ஹோம் பார்ட்டிஷனை மட்டும் எப்போதும் தொடுவதில்லை.
கூரை மூன்று மாறியும் உள்ளே அதே ஆள் பட்டியல்.
திறந்தேன்.
தமிழ் எழுத்துரு இல்லாமல் பெயரெல்லாம் கட்டம்.
என் தம்பி அருள்ஜெனிஸ்:
ஆறு எழுத்து, பதினொரு கட்டம்,
கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனிப் பெட்டி.

எழுத்துரு இறக்க இரண்டு நிமிடம்.
ஒரு வேலையே இல்லை.
ஆனாலும் அந்த இரண்டு நிமிடமும்
திரைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பரில் ஒரு ராத்திரி
ஃபயர்பாக்ஸுக்கே திரும்பினேன்.
அமைப்புகளுக்கும் அடியில் ஒளிந்திருக்கும்
நூற்றுக்கணக்கான வரிகளில் ஒன்றை
பொய் என்று இருந்ததை
மெய் என்று மாற்றினேன்.
மூடித் திறந்தேன்.

காற்று ஓடியது.
கிரீஸ் போட்ட கப்பியில் கயிறு ஓடுவதுபோல
சத்தமில்லாமல்.
லட்சத்தீவுக்குத் தெற்கே இழைகள் கூடின,
வளைந்தன, மஞ்சளாகின, சிவந்தன,
நடுவில் ஒரு கண் விட்டு
சுற்றிச் சுற்றி வந்தன,
ஒரு தடவைகூடத் திக்காமல்.

அழகாய்த்தான் இருந்தது. சொன்னால் என்ன.

சாட்டிலைட் போனை எடுத்தேன்.
ஆறு படகு உடனே கிடைத்தது.
வடக்கே ஏறுங்கள், வலையை அறுத்துவிட்டாவது ஏறுங்கள்.
இரண்டு படகுக்கு அவர்கள் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள்.
'பிரகாசமாதா' மட்டும்
அடித்து அடித்து நின்றது.
தம்பி ஏறிய படகு.
முந்நூற்று எழுபது நாட்டிக்கல், நேற்றைய கணக்கு.

மறுபடி அடித்தேன்.
மணி இரண்டேகால்.
விசிறிகூட அடங்கிவிட்ட அறையில்
முன்னால் காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
நான் பட்ட பாட்டுக்கெல்லாம் பலனாக.

மேசை இழுப்பறையில் கை விட்டுத் தேடினேன்,
மானிய ரசீதுகளுக்குக் கீழே
அந்தப் பழைய பென்டிரைவை.
உபுண்டு வைத்திருந்தது.
நிறுவ வேண்டியதில்லை,
செருகினாலே எழும்பும்.

சிரிக்காதீர்கள்.
இரண்டு அடி வைத்து நின்றுவிடுகிற அந்தக் காற்றை
விடிகிற வரைக்கும்
திரும்பப் போட்டுக்கொள்ளலாமா என்று
கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.